கொலைக் கதையும் வாசகர் தீர்ப்பும்

நூலொன்று வெளிவந்தவுடன் அதன்மீது தீர்ப்புக் கூறும் உரிமை விமர்சகருக்கு மட்டும் உரியதன்று. விலை கொடுத்து வாங்கியவருக்கும் அவ்வுரிமை உண்டு. இரவல் பெற்றுப் படித்தவருக்கும் உண்டு. அந்நூல் புதிய எழுத்தாளர் ஒருவரின் முதல் நவீனமாகவும், கொலையையும் நீதிமன்றத்தையும் பொருளாகக் கொண்டதாகவும் அமைந்துவிட்டால் தீர்ப்புகளுக்குப் பஞ்சமே இராது. எங்கள் மன்னாரில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிப் பேசும் இடங்களில் இத்தகைய நூல்களைப் பற்றிய அபிப்பிராயங்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். கேட்டவற்றைத் தொகுத்து நோக்கின் அவை மூன்று வகையுள் அடங்கிவிடுகின்றன.

“அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் படித்து முடித்தேன்” என்பார் முதல் வகையார். “ஐந்தாம் அத்தியாயத்திலேயே கொலைகாரன் இன்னான் என்று கண்டுகொண்டேன், ஆகவே நூல் தேறவில்லை” என்பார் இரண்டாம் வகையார். “ஒருவனைக் கொன்றுவிட்டு அடுத்தவனைத் தேடிப் போகும் கொடியவனைப் பற்றி எழுதுவதே தகாது, இளைஞர் மனம் கெடும், பாடசாலை நூலகத்தில் இதற்கு இடமளித்தல் ஆகாது” என்பார் மூன்றாம் வகையார்.

மூன்று கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. விறுவிறுப்பு ஒரு குணமே. மர்மம் இறுதிவரை காக்கப்படுவதும் ஒரு திறமையே. இளைஞர் நலனில் மூத்தோர் கவலை கொள்வதும் இயல்பே. எனினும், இம்மூவரில் எவரும் அந்நூலின் உயிர்நிலையைத் தொடவில்லை என்பது என் கருத்து. நீதிமன்றத்தை அரங்கமாகக் கொண்ட கதையிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று உளது. அக்கதையில் குற்றம் நிரூபிக்கப்படுகிறதா, அன்றி ஆசிரியரால் அறிவிக்கப்பட்டுவிடுகிறதா? இதனைக் கேளாத வாசகர் தீர்ப்பு, சாட்சியை விசாரியாமல் எழுதிய தீர்ப்புக்கு ஒப்பாகும்.

மூன்றாம் வகையாரின் அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இது புதிய அச்சமன்று. ஆரணி குப்புசாமி முதலியாரும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும், ஜே. ஆர். ரங்கராஜுவும் துப்பறியும் நவீனங்களை எழுதிக் குவித்த காலத்திலேயே பெரியோர் முகம் சுளித்தனர். அந்நூல்களைத் தலையணைக்கடியில் மறைத்து வைத்துப் படித்த தலைமுறையிலிருந்தே நல்ல ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் தோன்றினர். பின்னர் தேவன் (1913–1957) ஆனந்த விகடனில் ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ எழுதினார். அதில் துரத்தலும் துப்பாக்கியும் கதையை நடத்தவில்லை. சாட்சிகள் கூண்டில் ஏறுகிறார்கள். குறுக்கு விசாரணை நடக்கிறது. ஒரு சொல்லின் பொருளுக்காக இரு தரப்பும் மல்லாடுகின்றன. நீதிமன்றத்தின் நடைமுறையே படிப்போரைக் கட்டிப்போட வல்லது என்பதைத் தமிழில் மெய்ப்பித்த நூல் அது. அதனைப் படித்துக் கெட்டவர் உண்டென்று நான் கேள்விப்பட்டதில்லை.

1968 ஆம் ஆண்டு குமுதத்தில் ‘நைலான் கயிறு’ தொடராக வந்தது. எஸ். ரங்கராஜன் என்னும் பொறியியலாளர் ‘சுஜாதா’ என்ற பெயரில் எழுதிய முதல் நவீனம் அது. பின்னாளில் தமிழ் வாசகர் வீட்டுப் பிள்ளையாகிவிட்ட வழக்கறிஞர் கணேஷ் முதன்முதலில் தோன்றியதும் அதிலேதான். கொலை, கைது, வழக்கு என்ற மூன்றையும் சுருங்கிய வாக்கியங்களில் அடுக்கிக் காட்டிய அவர் நடையைப் பற்றியே அன்றும் இன்றும் பெரும்பாலோர் பேசுகின்றனர். என்னைக் கவர்ந்தது பிறிதொன்று. குற்றம் சாட்டப்பட்டவன் பக்கம் நின்று, “அரச தரப்பு தன் கடமையைச் செய்ததா?” என்று கேட்கும் ஒரு மனிதரை வெகுசன வாசகர் நடுவே அந்நவீனம் நிறுத்தியது. அதற்கு முன் நம் துப்பறியும் கதைகளில் அறிவாளி பெரும்பாலும் துரத்துபவன் பக்கமே நின்றான்.

காலத்தின் விந்தையைப் பாருங்கள். அதே 1968 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்திலேதான் பம்பாயில் இராமன் இராகவ் கைது செய்யப்பட்டான். நகரத்தின் வடபுறத்து நடைபாதைகளிலும் குடிசைகளிலும் உறங்கிக்கொண்டிருந்த ஏழைகளை இரவு வேளைகளில் அடித்துக் கொன்ற தொடர் கொலையாளி அவன். செஷன்ஸ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆயினும் வழக்கு அங்கே முடியவில்லை. அவன் மனநிலையை ஆராய உளநோய் மருத்துவர் மூவர் கொண்ட குழுவொன்றை உயர் நீதிமன்றம் அமைத்தது. தீராத மனநோயாளி என அவர்கள் கண்டனர். 1987 இல் தண்டனை ஆயுட்சிறையாக மாற்றப்பட்டது. 1995 இல் அவன் புனே நகர மருத்துவமனையில் நோயினால் மாண்டான்.

கதையாயின் வாசகர் இதனை ஏற்பார்களா? “இத்தனை பேரைக் கொன்றவனைத் தூக்கிலிடாமல் விட்டது என்ன முடிவு?” என்று இரண்டாம் வகையார் நூலை மூடிவிடுவர். ஆனால் சட்டம் அங்கே கேட்டது கடினமான கேள்வி. தான் செய்வது குற்றமென்று உணரும் ஆற்றல் அற்றவனைத் தண்டிப்பதில் நீதி எவ்வளவு, பழி எவ்வளவு? அக்கேள்வியின் முன் வாசகனை நிறுத்தி, அவனைச் சிறிது நேரம் அமைதி குலையச் செய்யும் நவீனமே தொடர் கொலையாளியைப் பற்றி எழுதத் தகுதி பெற்றது. கொலையின் எண்ணிக்கையைக் கூட்டிக் கூட்டி அச்சமூட்டுவது மட்டுமாயின் அதற்கு நீதிமன்றம் எதற்கு? பேய்க்கதை போதுமே!

முதல் நவீனம் என்று பேசும்போது, மன்னார்க் கரையோடு தொடர்புடைய ஒருவரை விட்டுவிடல் ஆகாது. 1904 முதல் 1911 வரை இலங்கைச் சிவில் சேவையில் இருந்த லெனாட் வூல்ஃப், 1906 ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பின்போது இக்கரையில் பணியாற்றியவர். பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகவும் நீதவானாகவும் இருந்தார். நாடு திரும்பியபின் 1913 இல் அவர் வெளியிட்ட முதல் நவீனம், வனத்தினுள் அழியும் ஒரு கிராமத்தின் கதை. செய்யாத திருட்டுக்காகப் பபுன் என்னும் கிராமத்தான் நீதிமன்றில் நிறுத்தப்படுகிறான். அங்கே நடப்பது இன்னதென்று அவனுக்கு விளங்கவில்லை. விதிமுறை எதுவும் மீறப்படாமலேயே அநீதி நிறைவேறிவிடுகிறது. அதன் விளைவாகச் சிலிந்து என்னும் வேட்டைக்காரன் இருவரைச் சுட்டுக் கொல்கிறான். தானே சென்று சரணும் அடைகிறான்.

இங்கே கொலைகாரன் யார் என்ற மர்மம் அணுவளவும் இல்லை. எனினும் நெஞ்சு பதைக்கிறது. நீதிமன்ற ஆசனத்தில் அமர்ந்திருந்த ஒருவரே, அவ்வாசனத்திலிருந்து எவ்வளவு தெரியாமற் போகிறது என்பதை எழுதிவிட்டார். 1980 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இதனைத் திரைப்படமாக்கினார். “கொலைகாரன் முன்பே தெரிந்துவிட்டது, ஆகவே நூல் தேறவில்லை” என்பாருக்கு இந்நூல் ஒன்றே விடையாகப் போதும்.

இனி, கதையை விட்டு மெய்யான வழக்குகளுக்கு வருவோம். வாசகர் தீர்ப்பு எத்துணை எளிதில் தடம் புரளும் என்பதற்கு இரு வழக்குகள் சான்று. 1944 இல் சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்டபோது, எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். பத்திரிகை படித்தோர் அனைவரும் நீதிபதிகளாயினர். ஒரு சாரார் பழித்தனர், மறு சாரார் அழுதனர். 1945 இல் இருவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 1947 இல் வழக்கு பிரிவுக் கவுன்சில்வரை சென்று, அதன்பின் இருவரும் விடுதலையாயினர். கொலை செய்தவர் யார் என்பது இறுதிவரை நிரூபணமாகவில்லை. பாகவதரின் திரை வாழ்வோ பழைய நிலைக்கு மீளவேயில்லை.

மற்றையது நம் நாட்டு வழக்கு. 1948 இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணியை எதிர்த்த இலங்கைக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவ சதாசிவம். 1951 ஒக்டோபர் 9 ஆம் திகதி அவர் மனைவி பம்பலப்பிட்டி இல்லத்தில் கொலையுண்டு கிடந்தார். கணவர்மேல் வழக்கு வந்தது. வீட்டு வேலையாள் அரச தரப்புச் சாட்சியானான். இறந்த நேரம் எது என்பதில் மருத்துவ நிபுணர்கள் மோதினர். எதிரி தரப்பில் எடின்பரோப் பேராசிரியர் சேர் சிட்னி ஸ்மித் சாட்சியம் அளித்தார். கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். 57 நாள் நடந்த விசாரணையின் முடிவில், 1953 இல், ஜூரிமார் எதிரியை விடுவித்தனர். வழக்கு முழுவதும் சில மணி நேர வித்தியாசத்தில் தொங்கி நின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். எவ்வளவு விறுவிறுப்பான நவீனமும் இதனை விஞ்சுமா? ஆயினும் பத்திரிகை வாசகரில் எத்தனை பேர் அந்த மருத்துவச் சாட்சியத்தைப் பொறுமையோடு படித்தபின் அபிப்பிராயம் சொன்னார்கள்?

நம் கொலைக் கதைகளின் இறுதி அத்தியாயத்தை நினைவுகூருங்கள். துப்பறிவாளர் அனைவரையும் ஒரு கூடத்தில் அமரவைத்து, ஒவ்வொருவராக நோக்கி, ஈற்றில் ஒருவனைச் சுட்டுகிறார். அவன் முகம் வெளிறி, உண்மை முழுவதையும் கக்கிவிடுகிறான். வாசகர் பெருமூச்சு விடுகிறார். சட்டம் பெருமூச்சு விடுவதில்லை. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு விரோதமாக நிரூபிக்க இயலாது. இந்தியாவில் 1872 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விதி இருந்தது. அடியும் மிரட்டலும் வாயிலிருந்து எதையும் வரவழைக்கும் என்பதைச் சட்டம் இயற்றியோர் நன்கறிந்திருந்தனர். ஆகவேதான், மனிதன் வாயைத் திறக்கச் செய்வதைவிடப் பொருளைப் பேசச் செய்வதே புலனாய்வின் பணி என்றாயிற்று.

இவ்விதி வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணற்க. 1979 இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதலை ஏற்க வழிசெய்தது. ஒரு விதி தளர்ந்தபோது எத்தனை இளைஞரின் வாழ்வு ஒரு கையெழுத்தில் முடிந்துபோயிற்று என்பதை வடபுலத்தார்க்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அந்த அனுபவம் உடைய நாமே, மிரட்டிப் பெற்ற ஒப்புதலோடு முடியும் நவீனத்தைக் கைதட்டி வரவேற்பின் அது எத்தகைய முரண்! கதையில் வரும் பொலிஸ் அதிகாரி சந்தேக நபரை அறைந்தவுடன் உண்மை வெளிவருமானால், அறைவது சரியே என்ற பாடத்தை அக்கதை மாணவனுக்குக் கற்பித்துவிடுகிறது. மூன்றாம் வகையார் அஞ்சவேண்டியது இதனையே. குருதியைக் கண்டு கெடும் மாணவன் அரியன். கோணிய நியாயத்தை மெய்யென நம்பிக் கெடும் மாணவன் பலன்.

கொலையாளியின் கதையை எழுதலாமா என்ற கேள்வியும் நீதிமன்றம் ஏறியதுண்டு. சென்னையில் ஆறு பேரைக் கொன்ற குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், சிறையிலிருந்தபடி தன் வரலாற்றை எழுதினான் என்று கூறி, நக்கீரன் இதழ் அதனை வெளியிட முற்பட்டது. அதிகாரிகள் சிலருக்கு அவனோடு தொடர்பிருந்ததாக அதில் வருமென்பதால், சிறைத்துறை அதனைத் தடுக்க முயன்றது. 1994 ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப் பதிவேடுகளில் உள்ளதை எவரும் எழுதலாம். அதற்கு அப்பால் ஒருவரின் அந்தரங்க வாழ்வை அவர் இசைவின்றி எழுதினால் அதன் விளைவை எழுதியவரே ஏற்கவேண்டும். அவதூறு வருமென்று அஞ்சி அதிகாரிகள் முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது. இவை அத்தீர்ப்பின் சாரம். 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் அவன் தூக்கிலிடப்பட்டான். இந்தியாவில் அந்தரங்க உரிமை பற்றிய விவாதங்களில் அத்தீர்ப்பு நீண்டகாலம் எடுத்தாளப்பட்டது.

இத்தீர்ப்பு வாசகருக்கும் ஒரு பாடம் சொல்கிறது. எழுத்தைத் தடுப்பது மருந்தாகாது; எழுதப்பட்டதைப் பகுத்தறிந்து படிப்பதே மருந்து. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். சங்கரின் பெயரை அறியாத தமிழர் குறைவு. இராமன் இராகவின் பெயரில் 2016 இல்கூட ஒரு திரைப்படம் வந்தது. அவர்களால் மாண்டவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தொடர் கொலையாளியைப் பொருளாகக் கொள்ளும் இலக்கியத்தின் பெருங்குறை இதுவே. கொன்றவன் முழு மனிதனாக எழுந்து நிற்கிறான். கொல்லப்பட்டவர் எண்களாகிச் சுருங்கிவிடுகின்றனர்.

எண்களாகிவிட்ட மனிதரைப் பற்றிப் பேசும்போது மன்னார் வாசகர் மௌனமாகிவிடுவர். காரணம் வெளிப்படை. 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரத்தருகே குடிநீர்க் குழாய் பதிக்க மண்ணை வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 80 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2018 இல் மன்னார் நகர வாயிலில் சதொசக் கட்டிடத்துக்காக நிலம் அகழப்பட்டபோது இன்னொரு புதைகுழி தெரிந்தது. நீதவான் நீதிமன்றின் கட்டளைப்படி, சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளரும் மாதக்கணக்கில் அகழ்ந்தனர். குழந்தைகளுடையவை உட்பட 300 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2019 மார்ச்சில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஆய்வுகூடமொன்றின் காபன் பரிசோதனை அறிக்கை வந்தது. அனுப்பப்பட்ட மாதிரிகள் சில நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவை என்பது அதன் முடிவு. காணாமலாக்கப்பட்ட தம் உறவுகளைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பத்தார் பலர் அதனை முற்றான விடையாகக் கொள்ளவில்லை.

இங்கே நம் மூன்று வகை வாசகரையும் நிறுத்திப் பார்க்கிறேன். “அறிக்கை வந்துவிட்டது, கதை முடிந்தது” என்றனர் சிலர். “கொன்றவர் யாரென்று எங்களுக்கு முன்பே தெரியும், பரிசோதனை எதற்கு?” என்றனர் வேறு சிலர். “இதனைப் பேசாமல் விடுவதே நன்று” என்றனர் மற்றும் சிலர். நவீனத்தைப் படித்த அதே பழக்கத்தோடு புதைகுழியையும் படித்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

சான்றை எடைபோடப் பழகியவர் வேறுவகையாய்க் கேட்டிருப்பர். எத்தனை மாதிரிகள் அனுப்பப்பட்டன? குழியின் எப்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டவை அவை? எல்லா எலும்புகளும் ஒரே காலத்தவையா? எலும்புகளோடு கிடைத்த பொருள்கள் என்ன சொல்கின்றன? காலம் தெரிந்துவிட்டதனால் காரணம் தெரிந்துவிடுமா? பழையவையே எனக் கொண்டாலும் கேள்வி ஓய்வதில்லை. இத்தீவில் 1544 ஆம் ஆண்டு யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் கட்டளையால் புதிதாய் மதம் மாறிய கிறிஸ்தவர்கள் பலர் கொல்லப்பட்டனர். தோட்டவெளி ஆலயம் அவர்கள் நினைவைத் தாங்கி நிற்கிறது. 1560 இல் போர்த்துக்கேயர் வந்து கோட்டை கட்டினர். போரும் நோயும் பஞ்சமும் மாறி மாறி வந்த மண் இது. குழந்தைகள் உட்பட இத்தனை பேர் ஓரிடத்தில் புதைந்தது எங்ஙனம் என்பதைக் காபன் பரிசோதனை மட்டும் சொல்லிவிடாது. அவ்வாறே, ஒரு குழியின் எலும்புகள் பழையவை என்பதனால், அண்மைப் போரில் காணாமற் போனோரின் வழக்கு ஒன்றேனும் தீர்ந்துவிடாது. தாய்மாரிடம் பெயர்கள் இருக்கின்றன. நீதிமன்றின் பொறுப்பில் எலும்புகள் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கவோ பிரிக்கவோ வல்லது சான்று ஒன்றே.

“கதை கதைதானே, உழைத்துக் களைத்தவர் பொழுதுபோக்கப் படிக்கிறார். அவர் தலையில் இத்தனை பாரத்தை ஏற்றலாமா?” என்று வாசக அன்பர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நான் எவர் இன்பத்தையும் பறிக்க வரவில்லை. குறுக்கு விசாரணையில் ஒரு பொய் மெல்ல மெல்ல உரிந்து விழுவதைக் காண்பதைவிடப் பேரின்பம் துப்பறியும் நவீனத்தில் வேறென்ன உண்டு? சான்று செம்மையாய் அமைந்த நவீனம் விறுவிறுப்பிலும் குறைவுபடுவதில்லை. சட்டத்தை ஒழுங்காகக் கற்று எழுதுவது எழுத்தாளருக்குப் பாரமாகலாம். வாசகருக்கு அது விருந்தே.

ஆதலின் என் வேண்டுகோள் மூன்று. ஆசிரியர்கள் இத்தகைய நூல்களை நூலகத்திலிருந்து விலக்காமல், உயர்வகுப்பு மாணவர் கையில் கொடுத்து, “இதில் எந்தச் சான்று நீதிமன்றில் நிற்கும்? எது விழும்?” என்று கேட்கட்டும். ஒரு பாடவேளை இதற்குப் போதும். தருக்க நூல் கற்பிக்க முடியாததை அது கற்பிக்கும். இலக்கிய வட்டத்தினர் புதிய எழுத்தாளரின் முதல் நூலை விமர்சிக்கும்போது, கொல்லப்பட்டவருக்கு அதில் ஒரு பெயரும், வீடும், காத்திருக்கும் ஒருவரும் உண்டா என்று பார்க்கட்டும். முதல் நவீனம் எழுதத் துணியும் இளைஞர்கள், அம்மாதிரி ஒன்றை எழுதுமுன் நீதவான் நீதிமன்றொன்றில் ஒரு வாரமேனும் பின்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும். பேசாலையிலும் தலைமன்னாரிலும் முருங்கனிலும் இருந்து வரும் வழக்குகளில், எந்தக் கற்பனையும் எட்டாத மனித இயல்பு அங்கே நாள்தோறும் கூண்டேறுகிறது.

கொலைக் கதையைப் படிப்பது சிறிய காரியமே. ஆனால் மனம் எதில் பழகுகிறதோ அதனையே பெரிய காரியத்திலும் நாடும். இருநூறு பக்கத்துள் குற்றவாளியைக் காட்டிவிடு என்று அவசரப்படும் வாசகர் கூட்டத்துக்கு, உண்மையைத் தருவதாகச் சொல்லி எதனையும் கொடுத்து அனுப்பிவிடலாம். ‘எங்கே சான்று?’ என்று கேட்கப் பழகிய கூட்டத்தை அங்ஙனம் அனுப்ப எவராலும் முடியாது. மன்னார்க் கரைக்கு இன்று வேண்டியவர்கள் இந்த இரண்டாம் கூட்டத்தாரே.